போனிலேயே கோடு எழுதி ஓட்ட: எந்தக் கருவி யாருக்கு?

கல்லூரியில் முதலாண்டு சேரும் பிள்ளைகள் பலரிடம் இருக்கும் ஒரே கணினி அவர்களுடைய ஆண்ட்ராய்டு போன்தான். லேப் வாரத்துக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ. மற்ற நாட்களில் சி புரோகிராமை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்வதோடு சரி. கோடிங் அப்படி வருகிற விஷயமே இல்லை. எழுதி, ஓட்டி, எர்ரர் வாங்கி, திருத்தி, மறுபடி ஓட்டினால்தான் கைக்கு வரும். அதற்கு லேப்டாப் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சாதாரண போனில் இருக்கும் ஆர்ம் பிராசஸருக்கு, முதலிரண்டு ஆண்டுப் பாடத்தில் வரும் புரோகிராம்களைக் கம்பைல் செய்வது, அதாவது போன் புரிந்துகொள்ளும் இயந்திர மொழிக்கு மாற்றுவது, பெரிய வேலையே அல்ல.

குழப்பம் எதை நிறுவுவது என்பதில்தான். பிளே ஸ்டோரில் ‘சி கம்பைலர்’ என்று தேடினால் வரிசையாக வந்து நிற்கும். எல்லாவற்றிலும் ஒரு எடிட்டர், ஒரு ரன் பட்டன். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் அந்தப் பட்டனை அழுத்தியதும் நடப்பது வேறு வேறு. சில செயலிகள் நீங்கள் எழுதியதை எங்கோ இருக்கும் சர்வருக்கு அனுப்பி, அங்கே கம்பைல் செய்து, விடையை மட்டும் திருப்பிக் காட்டும். சில, போனுக்குள்ளேயே கம்பைலரை வைத்திருக்கும். எது எந்த வகை என்று தெரிய ஏரோபிளேன் மோடைப் போட்டுவிட்டு ரன் அழுத்திப் பாருங்கள், தெரிந்துவிடும்.

சர்வர் வகையை முதலில் பார்த்துவிடலாம். இதில் நிறுவ வேண்டியது எதுவும் இல்லை. ஸ்டோரேஜ் நிரம்பி வழியும் பழைய போனிலும் பிரவுசரைத் திறந்தால் போதும். ஆனால் பல ஆன்லைன் கம்பைலர்களில் உள்ளீட்டை ஓட்டுவதற்கு முன்பே ஒரு தனிப் பெட்டியில் கொடுத்துவிட வேண்டும். இரண்டு எண்ணைக் கூட்டும் புரோகிராமுக்கு இது பரவாயில்லை. லிங்க்டு லிஸ்ட்டுக்கு ‘1 சேர், 2 நீக்கு, 3 காட்டு, 4 வெளியேறு’ என்று மெனு வைத்து எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். பெட்டியில் கொடுத்த எண்கள் தீர்ந்ததும், உள்ளீட்டை வாங்கும் ஸ்கேன்எஃப்புக்குப் படிக்க ஒன்றும் இருக்காது. மாறியில் பழைய மதிப்பே நிற்கும், லூப் முடிவில்லாமல் சுற்றும், கடைசியில் நேரம் முடிந்துவிட்டது என்று சர்வர் அடித்து நிறுத்தும். புரோகிராமில் தவறே இல்லாமல் பிள்ளை இரவெல்லாம் தவறைத் தேடிக்கொண்டிருக்கும். ஆன்லைன்தான் வேண்டும் என்றால், ஓடும்போதே உள்ளீடு வாங்கும் ஆன்லைன்ஜிடிபி மாதிரியான தளத்தை எடுங்கள்.

பைதானில் மெஷின் லேர்னிங் பக்கம் போகிறவர்களுக்குக் கூகுளின் சர்வரில் பைதானை ஓட்டும் கோலாப் வேறு கதை. அங்கே கிடைக்கும், பெரிய கணக்குகளை வேகமாகப் போடும் ஜிபியு எந்தப் போனிலும் கிடைக்காது, அதனால் அதற்கு மட்டும் சர்வரே சரி. விஎஸ் கோட் எடிட்டரைப் பிரவுசரிலேயே திறக்கும் கிட்ஹப் கோட்ஸ்பேசஸும் இலவசக் கணக்குக்கு மாதம் 120 கோர் மணி நேரம் தருகிறது, அதாவது இரண்டு கோர் இயந்திரத்தில் 60 மணி நேரம். ஆனால் விஎஸ் கோடின் முழுத் திரையை ஆறு அங்குலத்தில் வைத்து வேலை பார்ப்பது கண்ணுக்கும் விரலுக்கும் தண்டனை.

அடுத்து, போனுக்குள்ளேயே எல்லாம் வைத்திருக்கும் செயலிகள். பைதானுக்குப் பைட்ராய்டு 3, சி, சி பிளஸ் பிளஸுக்கு சிஎக்ஸ்எக்ஸ்ட்ராய்டு. இரண்டையும் செய்தவர்கள் ஒருவரே. நிறுவியபின் நெட் வேண்டாம். டெர்மினல் மாதிரியான திரையில் ஓடுவதால் மெனு புரோகிராமுக்கு உள்ளீட்டை உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டலாம். அடைப்புக்குறி, செமிகோலன், டேப் எல்லாம் கீபோர்டுக்கு மேலேயே ஒரு வரிசையாக இருக்கும். செமிகோலனுக்காகக் கீபோர்டை மாற்றி மாற்றி அலுத்துப்போனவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பைட்ராய்டின் உண்மையான பலம் நம்பை, மேட்பிளாட்லிப் மாதிரியான லைப்ரரிகளில். பைதான் லைப்ரரிகளை நிறுவும் பிப்பில் கிடைக்கும் ஆயத்தப் பொதிகளில் பெரும்பாலானவை கணினி லினக்ஸின் ஜிலிப்சி என்ற அடிப்படை லைப்ரரியை நம்பிக் கட்டப்பட்டவை. ஆண்ட்ராய்டில் இருப்பது பயோனிக் என்ற வேறொன்று. அதனால் நேரடியாக நிறுவப் போனால் மூலநிரலிலிருந்து கம்பைல் செய்யத் தொடங்கி, போன் சூடானதுதான் மிச்சம் என்று முடியும். பைட்ராய்டு தன் தனிக் களஞ்சியத்தில் இவற்றை ஆண்ட்ராய்டுக்கென்றே கட்டி வைத்திருக்கிறது. ஜன்னல், பட்டன் வைத்து எழுத உதவும் டிகேஇன்டரின் ஜன்னல்களும் அதில் திறக்கும். இலவசப் பதிப்பில் விளம்பரம் வரும், சில லைப்ரரிகளுக்கும் கோடு பரிந்துரைக்கும் வசதிக்கும் பணம் கட்ட வேண்டும். இருந்தாலும், பைதானில் தொடங்குகிற ஒருவர் கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். பைதான் 3.13 முதல் ஆண்ட்ராய்டும் ஐஓஎஸ்ஸும் அதிகாரப்பூர்வ ஆதரவுப் பட்டியலில் வந்துவிட்டதால் இந்த லைப்ரரித் தொல்லை போகப்போகக் குறையும்.

சி கற்பவருக்கு என் பதில் வேறு. சிஎக்ஸ்எக்ஸ்ட்ராய்டு நல்ல செயலிதான், ஆனால் நான் கட்டளை தட்டி வேலை வாங்கும் டெர்மக்ஸைச் சொல்வேன். ரன் பட்டன் மூன்று நான்கு வேலைகளை ஒரே அழுத்தலில் மறைத்துவிடுகிறது. சி கற்பவருக்குக் கம்பைல் வேறு, லைப்ரரிகளோடு இணைக்கும் லிங்க் வேறு, ஓட்டுவது வேறு என்பது கண்ணில் பட வேண்டும். மேத் லைப்ரரியைச் சேர்க்க மறந்தால் வரும் பிழை கம்பைலர் சொன்னதா, லிங்கர் சொன்னதா என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், நாளை வேலைக்குப் போகும் இடத்தில் பாதித் தடுமாற்றம் குறையும்.

டெர்மக்ஸ் என்பது ரூட் செய்யாத, அதாவது சிஸ்டத்தின் பூட்டை உடைக்காத போனில் ஓடும் டெர்மினலும் ஒரு குட்டி லினக்ஸ் சூழலும். கிளாங் என்ற சி கம்பைலர் பொதியை நிறுவ ஒரே கட்டளை போதும், சில நூறு எம்பி இடம் பிடிக்கும். லினக்ஸில் வழக்கமான கம்பைலரான ஜிசிசியின் பெயரைத் தட்டினாலும் பின்னால் ஓடுவது கிளாங்தான். அதே வழியில் மேக், கிட், ஜிடிபி, ஜாவாவின் ஜேடிகே, கோ, ரஸ்ட் எல்லாம் வரும். நம்பையும் பிப்பில் போராடாமல் டெர்மக்ஸின் சொந்தப் பொதியாகவே எடுத்துக்கொள்ளலாம். வால்யூம் குறைக்கும் பட்டனைப் பிடித்துக்கொண்டு சி தட்டினால் கண்ட்ரோல் சி. முடிவில்லா லூப்பில் மாட்டியவருக்கு முதலில் தெரிய வேண்டியது இதுதான்.

டெர்மக்ஸில் நுழைகிறவர்கள் வழக்கமாக இரண்டு இடத்தில் தடுக்கி விழுவார்கள். முதலாவது, எங்கிருந்து நிறுவுவது. ஆண்ட்ராய்டு 10-ஐக் குறிவைத்துக் கட்டப்படும் செயலிகள், தாங்கள் எழுதக்கூடிய அடைவில் இருக்கும் கோப்புகளை நிரலாக ஓட்டக்கூடாது என்று கூகுள் விதி கொண்டுவந்தது. பொதிகளை இறக்கி ஓட்டுவதுதான் டெர்மக்ஸின் உயிரே. அதனால் 2020-இல் பிளே ஸ்டோரில் அதன் புதுப்பிப்புகள் நின்றன. பிறகு பிளே ஸ்டோருக்கென்று தனியாக ஒரு பதிப்பு வந்தது, ஆனால் அதில் சில வசதிகள் குறைவு. முழுப் பதிப்பு வேண்டுமென்றால் எஃப்-டிராய்டு என்ற திறமூலச் செயலி ஸ்டோர் அல்லது கிட்ஹப். இரண்டையும் கலக்காதீர்கள். செயலிகளின் டிஜிட்டல் கையொப்பம் இரண்டிலும் வேறு என்பதால் டெர்மக்ஸின் துணைச் செயலிகள் ஒன்றோடொன்று ஒட்டாது.

இரண்டாவது தடுக்கலில் நிறைய பேர் டெர்மக்ஸையே கைவிட்டுவிடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் வந்த சி கோப்பு டவுன்லோட்ஸ் அடைவில் இருக்கிறது. அங்கேயே போய்க் கம்பைல் செய்தால் பிழை இல்லாமல் ஏ.அவுட் என்ற ஓட்டக்கூடிய கோப்பு வந்துவிடும். ஓட்டினால் ‘பர்மிஷன் டினைட்’. அனுமதியை மாற்றும் கட்டளை போட்டாலும் அதே பதில். கோப்பிலோ உங்கள் கோடிலோ கோளாறு இல்லை. போனின் பொது ஸ்டோரேஜில் எந்தக் கோப்பையும் நிரலாக ஓட்ட ஆண்ட்ராய்டு விடுவதில்லை. மூலக்கோப்பு எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும், கம்பைல் ஆகி வரும் கோப்பை டெர்மக்ஸின் ஹோம் அடைவுக்குள் விழும்படி செய்தால் போதும், ஓடும்.

பெரிய புராஜெக்ட்டைக் கட்டும்போது நடுவில் ‘சிக்னல் 9’ என்று எல்லாம் செத்துப்போவதும் உண்டு. ஆண்ட்ராய்டு 12-இலிருந்து செயலிகள் பின்னணியில் கிளப்பும் துணைப் புராசஸ்கள் மொத்தமாக 32-ஐத் தாண்டினால் சிஸ்டம் களையெடுக்கும். கல்லூரிப் பயிற்சிகளுக்கு இந்த எல்லை இடிக்காது. இடித்தால் ஒரே நேரத்தில் கம்பைல் ஆகும் கோப்புகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

நம் ஊர்க் கல்லூரிகளுக்கென்றே ஒரு பிரச்சினை இருக்கிறது, அது டர்போ சி. இன்னமும் பல லேப்களில் அந்த நீலத் திரைதான். அங்கே எழுதிய புரோகிராமை டெர்மக்ஸிலோ சிஎக்ஸ்எக்ஸ்ட்ராய்டிலோ அப்படியே ஒட்டினால் முதல் வரியிலேயே கோனியோ ஹெட்டர் இல்லை என்று நிற்கும். அது டாஸ் காலத்துச் சரக்கு. அந்த வரியையும், திரையைத் துடைக்கும் கிளியர்ஸ்கிரீனையும், கடைசியில் வரும் கெட்சையும் எடுத்துவிடுங்கள். வாய்ட் மெயின் என்பதை இன்ட் மெயின் ஆக்குங்கள். சி-யில் கிளாங் எச்சரிக்கையோடு விட்டாலும் சி பிளஸ் பிளஸில் விடாது. அதைவிட முக்கியம், டர்போ சி-யில் இன்ட் 16 பிட், உச்ச மதிப்பு 32767. போனில் 32 பிட். 8-இன் ஃபேக்டோரியலான 40320 லேபில் மைனஸில் வரும், போனில் சரியாக வரும். தேர்வுத்தாளில் ‘இதன் அவுட்புட் என்ன’ என்று கேட்டால் எந்தக் கம்பைலரை மனதில் வைத்துக் கேட்கிறார்கள் என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். டாஸ்பாக்ஸ் செயலியில் டர்போ சி-யையே ஏற்றிப் பழகுகிறவர்களும் உண்டு. லேப் தேர்வுக்கு முந்தின வாரம் அது சரி, மற்ற நாட்களில் இன்றைய கம்பைலரோடு பழகுவதுதான் பிள்ளைக்கு நல்லது.

எந்தச் செயலியானாலும் நோட்ஸ் பிடிஎஃப்பிலிருந்து எடுத்து ஒட்டும்போது மேற்கோள்குறிகளைப் பாருங்கள். வளைந்த குறிகள் வந்திருந்தால் கம்பைலர் ஏற்காது. ஐபோனில் கீபோர்டே நேர்க் குறியை வளைத்துவிடும். ஸ்மார்ட் பங்சுவேஷனை அமைப்புகளில் அணைத்துவிடுங்கள்.

தமிழ் எழுத்தை வைத்து புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டெர்மினல் ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனிக் கட்டத்தில் வரைவதால் கொம்பும் காலும் இடம் மாறித் தெரியலாம். திரையில் சிதறினாலும் உள்ளே தரவு சரியாகவே இருக்கும். அவுட்புட்டைக் கோப்பில் எழுதி வேறு செயலியில் திறந்து பாருங்கள். ‘தமிழ்’ என்பதன் நீளத்தைப் பைதான் 5 என்று சொன்னாலும் கலங்க வேண்டாம். இகரக் குறியையும் புள்ளியையும் அது தனித்தனியாக எண்ணுகிறது.

2025 மார்ச்சில் கூகுள் பிக்சல் போன்களுக்குச் சொந்தமாகவே ஒரு லினக்ஸ் டெர்மினலைக் கொடுத்தது. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் இயக்கினால் மெய்நிகர் இயந்திரத்தில் முழு டெபியன் லினக்ஸ் வரும். அதில் ஜிலிப்சி, அசல் ஜிசிசி எல்லாம் உண்டு என்பதால் பயோனிக் தொல்லையே இல்லை. ஆனால் வன்பொருள் அளவில் மெய்நிகர் வசதி வேண்டும் என்பதால் எல்லாப் போனிலும் வராது. கையில் பிக்சல் இருந்தால் முதலில் இதைத்தான் முயல வேண்டும். இல்லாதவர்கள் டெர்மக்ஸுக்குள்ளேயே புரூட்-டிஸ்ட்ரோ என்ற கருவி கொண்டு உபுண்டு லினக்ஸை ஏற்றலாம், வேகம் கொஞ்சம் குறையும்.

ஐபோன்காரர்களுக்குத் தேர்வு சுருங்கிவிடுகிறது. வெளியிலிருந்து கோடை இறக்கி ஓட்டுவதை ஆப்பிளின் விதி கட்டுப்படுத்துகிறது. ஐஎஸ்எச் என்ற லினக்ஸ் டெர்மினல் செயலி 2020-இல் ஆப் ஸ்டோருக்கு வந்த சில வாரங்களிலேயே இந்த விதியைக் காட்டி நீக்கப்படும் நிலைக்குப் போய், பிறகு ஆப்பிள் மனம் மாறியதால் தப்பியது. அதில் ஆல்பைன் லினக்ஸும் உண்மையான ஜிசிசியும் உண்டு. ஆனால் எக்ஸ்86 பிராசஸரைப் போலச் செய்து ஓட்டுவதால் மந்தம்தான். ஏ-ஷெல் என்ற இன்னொரு டெர்மினல் செயலி வேறு வழியில் போகிறது. சி கோடை வெப் அசெம்பிளியாக மாற்றி, பிரவுசரின் எஞ்சினில் ஓட்டுகிறது. கணக்குப் போடும் புரோகிராம்களுக்கு இது வேகம். பைதானும் லுவாவும் கூடவே வரும். புதுப் புராசஸைக் கிளப்பும் ஃபோர்க்கும், நெட்வொர்க்கில் பேசும் சாக்கெட்டும் மட்டும் கிடையாது. ஆப்பரேட்டிங் சிஸ்டம் லேபில் ஃபோர்க் பயிற்சி வரும்போது ஐஎஸ்எச்சுக்குத்தான் திரும்ப வேண்டும். இரண்டுமே இலவசம், இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். ஐபேட் இருந்து ஆப்பிள் செயலிகளே செய்ய ஆசை என்றால் ஸ்விஃப்ட் பிளேகிரவுண்ட்ஸ். அதன் 4-ஆம் பதிப்பு 2021 டிசம்பரில் வந்ததிலிருந்து ஐபேடிலேயே செயலி எழுதி ஆப் ஸ்டோருக்கு அனுப்ப முடிகிறது. ஐபோனில் அது இல்லை.

டெர்மக்ஸை எடுக்கிறவர்கள் நிறுவிய அன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. செயலியை நீக்கினால் ஹோம் அடைவும் அதிலுள்ள அத்தனை கோப்புகளும் சேர்ந்தே போய்விடும், மீட்க வழியில்லை. கிட்ஹப்பில் ஒரு பிரைவேட் களஞ்சியம் திறந்து, எழுதுவதை அன்றன்றைக்கு அங்கே தள்ளிவிடுங்கள்.