எந்த பெயின்ட்பால் மார்க்கர் வாங்கலாம்? முதலில் காற்று எங்கே பிடிப்பீர்கள் என்று சொல்லுங்கள்

எங்கள் சேலம் கோஷ்டியோடு ஏற்காட்டுக்கு பெயின்ட்பால் ஆட வருகிற புதுப் பையன்கள் எல்லாரும், மூன்றாவது தடவை வந்து போன பிறகு ஒரே கேள்வியோடு பக்கத்தில் வந்து உட்காருவார்கள். "அண்ணா, சொந்தமா ஒரு கன் வாங்கிடலாம்னு பாக்கறேன், எது எடுக்கலாம்?" போனில் ஆயிரம் டாலர் துப்பாக்கி ஒன்று நீலமும் தங்கமுமாக மின்னிக்கொண்டிருக்கும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "அதுக்குக் காத்து எங்கடா புடிப்ப?" பெரும்பாலும் அதோடு போன் பாக்கெட்டுக்குள் போய்விடும்.

நாலு வருஷமாக ஆடுகிறேன். மூன்று மார்க்கர்கள் கையில் இருந்திருக்கின்றன. முதல் தடவை பணத்தைத் தேவையில்லாத இடத்தில் போட்டவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

துப்பாக்கி என்று நாம் சொன்னாலும் அதன் பெயர் மார்க்கர்தான், பெயின்ட் அடைத்த உருண்டையை வாயு அழுத்தத்தில் எதிர் டீம் ஆள் மேல் சுடுகிற சாமான். அமெரிக்காவில் வெட்ட வேண்டிய மரத்துக்கும், மந்தையிலிருந்து பிரிக்க வேண்டிய மாட்டுக்கும் தூரத்திலிருந்தே பெயின்ட் அடித்து அடையாளம் வைக்கச் செய்த கருவி அது. நெல்ஸ்பாட் 007 என்ற அந்தக் கருவியை வைத்துக்கொண்டு 1981 ஜூனில் நியூ ஹாம்ப்ஷயர் காட்டில் 12 பேர் ஆடியதுதான் முதல் ஆட்டம். அதில் ஜெயித்தவர் காட்டு வேலை தெரிந்த ஒரு ஆள், கடைசிவரை ஒரு குண்டுகூடச் சுடவில்லை. ஆயிரம் டாலர் கன் காட்டுகிற பையன்களிடம் இந்தக் கதையைச் சொல்வேன், யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

சரி, காற்று. மார்க்கருக்கு இரண்டு தீனி உண்டு. ஒன்று சி.ஓ.டூ, அதாவது கார்பன் டை ஆக்சைடு. இன்னொன்று 3000 அல்லது 4500 பி.எஸ்.ஐ வரை அழுத்தி அடைத்த சாதாரணக் காற்று. சேலத்தில் சி.ஓ.டூ கிடைப்பது சுலபம். சோடா கம்பெனிக்கு வருவதும் அதுதான், தீயணைப்பு சிலிண்டர் ரீஃபில் செய்கிற இடத்தில் இருப்பதும் அதுதான். அதனால் நானும் முதலில் அந்தப் பக்கம்தான் போனேன்.

அப்புறம் ஒரு ஜனவரி மாதம். விடிவதற்குள் அடிவாரத்தைத் தாண்டி, 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறி, ஏழு மணிக்கெல்லாம் எஸ்டேட் ஓரத்து மைதானத்தில் நின்றோம். வாயைத் திறந்தால் புகை வருகிறது. முதல் பத்து ஷாட் நன்றாகப் போனது. வேகமாக விரலை அழுத்த ஆரம்பித்ததும் டேங்கின் கழுத்தில் வெள்ளையாக உறைபனி பிடித்தது, சத்தம் 'டப்'பிலிருந்து 'புஸ்'ஸுக்கு இறங்கியது, உருண்டை இருபது அடி தள்ளி, காம்பு அழுகிய மாம்பிஞ்சு மாதிரி தொப்பென்று விழுந்தது. எதிர் டீமில் இருந்த என் மாமா பையன் மரத்துக்குப் பின்னால் ஒளியக்கூட இல்லை, நடந்து வந்து என்னைச் சுட்டுவிட்டுப் போனான்.

கன்னில் ஒரு குறையும் இல்லை. சி.ஓ.டூ டேங்குக்குள் திரவமாக இருக்கிறது, சுடச்சுட அது கொதித்து வாயுவாகிறது, அந்த அழுத்தம் முழுக்க வெப்பநிலையைப் பொறுத்தது. 20 டிகிரியில் சுமார் 57 பார் (பி.எஸ்.ஐ மாதிரி இதுவும் அழுத்தத்தின் அளவுதான்), 0 டிகிரியில் 35தான். வாயுவாக மாறும்போது அது தன்னையே குளிர்வித்துக்கொள்வதால், வெளியே 13 டிகிரி இருந்தாலும் வேகமாகச் சுட்டால் உள்ளே அதைவிடக் கீழே போய்விடும். ஐந்து ஷாட்டுக்கு ஒரு தரம் நிறுத்தி மூச்சு விடக் கொடுத்தால் ஓடும். ஆட்டத்தில் யார் நிறுத்துவது?

இதையே சேலத்து மே மாத வெயிலில் யோசித்துப் பாருங்கள். 31 டிகிரிக்கு மேல் போனால் சி.ஓ.டூவில் திரவம் என்று ஒன்று கிடையாது, அழுத்தம் எகிறும், நீங்கள் காலையில் வேகம் அளந்து வைத்தது மதியம் வேறாக இருக்கும். மைதானங்களில் பொதுவாக நொடிக்கு 280 முதல் 300 அடிக்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு, அதைத் தாண்டிய உருண்டை பட்டால் தோல் கன்றிப்போகும். டேங்கை நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டு ஐந்து ரோட்டில் பிரியாணி சாப்பிடப் போனீர்கள் என்றால், டேங்க் வெடிக்காமல் இருப்பதற்காக வைத்திருக்கிற தகடு கிழிந்து மொத்த வாயுவும் சீறிக்கொண்டு வெளியேறலாம். காலையில் மேலே குளிர், மதியம் கீழே கொதிப்பு என்று ஒரே நாளில் இரண்டும் படுகிற ஊர் நம்முடையது. இங்கே கன்னை எடைபோட வேண்டியது இந்த இடத்தில்தான்.

இனி ஆளுக்கு ஆள்.

குறைந்த பணம், ஆனால் அடிக்கடி ஆடுவேன் என்கிறவருக்கு டிப்மேன் 98 கஸ்டம். என்னிடம் இன்னும் இருப்பது இது. பழைய வடிவமைப்பு, உள்ளே கனமான ஒரு சுத்தியலும் ஸ்பிரிங்கும், ஒவ்வொரு ஷாட்டிலும் வாயுவே சுத்தியலைப் பின்னுக்குத் தள்ளி அடுத்ததற்குத் தயார் செய்யும். அவ்வளவுதான், பேட்டரி கிடையாது, சர்க்யூட் கிடையாது. சி.ஓ.டூவும் போடலாம், காற்றும் போடலாம். உடம்பு இரண்டு பாதியாகப் பிளக்கும், ஆலன் கீ இருந்தால் வீட்டில் பேப்பர் விரித்துப் பிரிக்கலாம். பிரிக்குமுன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ட்ரிகர் பக்கத்துச் சின்னச் சின்ன சாமான்கள் மடியில் விழுந்து, எது எங்கே இருந்தது என்று அரை நாள் போகும். இடப்பக்கம் ஒரு திருகு இருக்கிறது, உள்ளே திருகினால் வேகம் குறையும். சேற்றில் விழுந்தாலும் துடைத்துவிட்டுச் சுடலாம். கெட்டது என்றால் கனம், ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு உதை, சத்தம், அப்புறம் போல்ட், அதாவது உருண்டையைப் பேரலுக்குள் ஏற்றுகிற உருளை, முரட்டுத்தனமாகத் தள்ளுவதால் மெல்லிய ஓடு உள்ள விலையுயர்ந்த உருண்டைகள் உள்ளேயே உடையும். பட்ஜெட் இன்னும் குறைவு என்றால் அதே உள்ளுறுப்புகளை பிளாஸ்டிக் உடம்பில் போட்ட டிப்மேன் க்ரோனஸ். அமெரிக்காவில் இரண்டும் 100 முதல் 200 டாலருக்குள், நம் கைக்கு வரும்போது கப்பல் கூலி, வரி எல்லாம் ஏறியிருக்கும்.

இதில் நான் செய்த முட்டாள்தனம் ஒன்று. டேங்க் கழுத்தில் வாயு கசியாமல் அடைக்கிற வளையம், ஓ-ரிங், கிழிந்ததும், லேத் பட்டறை வைத்திருக்கிற சிநேகிதன் "நாலு ரூபா சாமானுக்கு எதுக்குடா பார்சல்" என்று கறுப்பு ரப்பர் ரிங் ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். அளவு அச்சாகப் பொருந்தியது. மறுநாள் கழற்றிப் பார்த்தால் ராத்திரி ஊறப்போட்ட கொண்டைக்கடலை மாதிரி உப்பி, ஓரத்தில் கொப்புளம் வெடித்திருக்கிறது. சி.ஓ.டூ சாதாரண ரப்பருக்குள் ஊறும், அழுத்தத்தைத் திறந்துவிட்டதும் உள்ளேயிருந்தே கிழிக்கும். யுரேத்தேன் ரிங்தான் வேண்டும். பத்து வாங்கிப் பெட்டியில் போட்டு வையுங்கள். துருப் பிடித்த போல்டுக்கு அடிக்கிற ஸ்பிரேயையும் பக்கத்தில் கொண்டு போகாதீர்கள், அதுவும் ரிங்குகளுக்கு எமன்.

கையில் கொஞ்சம் காசு இருக்கிறது, வருஷத்துக்கு பத்து பதினைந்து தடவையாவது ஆடுகிறேன் என்றால் பிளானட் எக்லிப்ஸ் எமெக். சென்னைக்கார நண்பர் ஒருவர் மூன்று மாதம் கொடுத்து வைத்திருந்தார், திருப்பிக் கொடுக்க மனசே வரவில்லை. இதுவும் பேட்டரி இல்லாத கன்தான், ஆனால் உள்ளே சுத்தியல் அடிப்பது கிடையாது, காற்று ஒரு உருளையை மெதுவாக முன்னே தள்ளி உருண்டையை நோகாமல் பேரலுக்குள் ஏற்றுகிறது. உதை கிட்டத்தட்ட இல்லை. டிப்மேனில் நாள் முழுக்க ஆடினால் சாயங்காலம் தோள்பட்டை தனியாகப் பேசும், இதில் அது இல்லை. சத்தமும் குறைவு, எஸ்டேட் நாய்கள்கூடக் குரைக்கவில்லை. போல்டைப் பின்பக்கம் வழியாகக் கருவி எதுவும் இல்லாமல் உருவி, கிரீஸ் தடவி, திரும்பச் செருகிவிடலாம்.

ஆனால் எமெக்குக்குக் காற்று மட்டும்தான், சி.ஓ.டூ போடவே கூடாது. இங்கேதான் சேலத்துக்காரர்கள் மாட்டுவோம். எங்கள் கோஷ்டியில் ஒருவன் காலி டேங்கைத் தூக்கிக்கொண்டு கொண்டலாம்பட்டி பைபாஸ் பக்கம் ஒரு பஞ்சர் கடைக்கே போய்விட்டான். கடைக்காரர் டேங்கில் எழுதியிருந்த 3000 என்ற எண்ணைப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "தம்பி, லாரி டயருக்கே நான் நூத்தி இருவதுதான் புடிக்கறேன். இத எங்கிட்ட குடுத்துட்டு நீ எங்க போயி நிப்ப?"

ஆக, காற்றுக்கு இரண்டே வழி. நீங்கள் ஆடுகிற மைதானத்திலேயே பெரிய கம்ப்ரசர் இருந்து நிரப்பித் தர வேண்டும். அல்லது பி.சி.பி, அதாவது முன்கூட்டியே காற்று அடைத்துச் சுடுகிற ஏர் ரைஃபிள்காரர்கள் வைத்திருக்கிற சின்ன உயர் அழுத்த கம்ப்ரசர் ஒன்றை நாலைந்து பேர் சேர்ந்து வாங்க வேண்டும். கைப்பம்பும் இருக்கிறது, நானே அடித்துப் பார்த்தேன், ஜிம்முக்குப் போகிற காசு மிச்சம் என்பதைத் தவிர அதில் நல்லதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. 48 கன அங்குலம், 3000 பி.எஸ்.ஐ அலுமினிய டேங்க் ஒன்று நிரம்பினால் 450, 500 ஷாட் வரும், ஒரு காலை நேரத்துக்குப் போதும். குளிரோ வெயிலோ வேகம் பெரிதாக மாறாது என்பதுதான் காற்றின் அருமை. கம்ப்ரசருக்கு வழி இருந்தால் எமெக், இல்லையா, டிப்மேன். இந்த இரண்டுக்கும் நடுவில் மண்டையை உடைத்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை.

எலக்ட்ரானிக் கன் பற்றி நீளமாகச் சொல்லப்போவதில்லை. விரலை லேசாகத் தொட்டாலே சுடும், நொடிக்குப் பத்துக்கு மேல் போகும், போட்டி ஆடுகிறவர்களுக்கு அது வேண்டும். ஏற்காட்டு மூடுபனியில் சர்க்யூட் போர்டுக்குள் ஈரம் இறங்கினால் சேலத்தில் அதைத் திறந்து பார்க்கிற ஆள் கிடையாது. பெட்டிக்கு 2000 உருண்டை, அதை ஒரே காலையில் தீர்த்துவிட்டு முழிப்பதும் நடக்கும். நம் ஊர் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு இது வீண்.

குழந்தைகளோடு ஆட நினைத்தால் சாதாரண .68 அளவை (உருண்டையின் விட்டம், அங்குலத்தில்) விட்டுவிட்டு .50 பாருங்கள், உருண்டை பாதி எடைகூட இருக்காது, படும்போது வலியும் குறைவு. அதிலேயே கேஸே தேவைப்படாத, கையால் இழுத்துச் சுடுகிற ஸ்பிரிங் வகைகள் இருக்கின்றன. என் அக்கா பையனுக்கு அதுதான் கொடுத்தேன், மாந்தோப்பில் அவனோடு ஆடிய அளவுக்கு நான் மைதானத்தில் சிரித்ததில்லை.

இவ்வளவும் சொன்னேன், ஆனால் முதல் செலவு கன்னே இல்லை, மாஸ்க். என் முதல் தப்பு அதுதான், கன்னுக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு மாஸ்க்கை மைதானத்தில் கொடுத்ததை மாட்டிக்கொண்டேன். நுரை பழசாகி வியர்வை வாடை, ஒற்றைக் கண்ணாடி, ஏற்காட்டு மூடுபனிக்குப் பத்து நிமிஷத்தில் கண்ணாடி முழுக்க ஆவி. எதிரில் நிற்பது ஆளா சில்வர் ஓக் மரமா என்று தெரியாமல், ஒருத்தர் ஒரு விநாடி துடைத்துக்கொள்ளலாம் என்று மாஸ்க்கைத் தூக்கினார், நடுவர் போட்ட சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. தூக்கவே கூடாது, கண் போனால் போனதுதான். இரண்டு அடுக்குக் கண்ணாடி, தெர்மல் லென்ஸ் என்று கேட்டு வாங்குங்கள், ஏ.எஸ்.டி.எம் எஃப்1776 என்ற தர எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். மோட்டார் சைக்கிள் கண்ணாடி, வெல்டிங் கண்ணாடி எதுவும் இதற்கு ஆகாது.

மாஸ்க் மட்டும் சொந்தமாக வைத்துக்கொண்டு ஆறு மாதம் வாடகைக் கன்னிலேயே ஆடுங்கள். வாடகைக்கென்றே செய்த டிப்மேன் எஃப்.டி.12 மாதிரி மேல்மூடி திறக்கிற கன் மாட்டினால் அதிர்ஷ்டம், உள்ளே உருண்டை உடைந்தால் மூடியைத் தூக்கி நொடியில் துடைத்துவிடலாம். ஆறு மாதத்தில் எத்தனை தடவை உண்மையிலேயே மலை ஏறினீர்கள் என்று எண்ணுங்கள். மூன்று தடவை என்றால் வாடகையே போதும்.

உருண்டையைப் பற்றி ஒரு வார்த்தை. ஓடு ஜெலட்டின், ஈரம் பட்டால் உப்பும். மழைக்காலத்தில் ஏற்காட்டில் பையைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வருவதற்குள் பேரலுக்குள் போகாத அளவுக்குப் பெருத்திருக்கும். பிரச்சினை கன்னில் என்று நினைத்துப் பிரிக்க உட்காருவீர்கள். போன ஆகஸ்டில் நான் அப்படித்தான் டிப்மேனைப் பிரித்து, ஒரு ஸ்பிரிங்கைக் காப்பிச் செடிக்கு அடியில் தொலைத்தேன். மாமா பையன்தான் கண்டெடுத்தான். இன்னும் திருப்பித் தரவில்லை, அடுத்த ஆட்டத்தில் அவனிடம் சரணடைந்தால் தருகிறானாம்.