கள்ளுக்கடை வீடு: காத்திருக்கவா, பிரிக்கவா, கடை திறக்கவா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் வில்லுக்குறி, தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் பழைய சாலையோரத்தில் இன்னும் சில ஓட்டு வீடுகள் மிச்சமிருக்கின்றன. முன்னால் திண்ணை, ஒவ்வொன்றாகச் செருகி அடைக்கும் நிரைப்பலகை. பின்னால் குடும்பம் புழங்கிய அறைகள். ஒருகாலத்தில் கள்ளும் மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் விற்ற அப்படியொரு வீடு கைக்கு வந்தால் என்ன செய்வது?

அரசாங்கம் எடுத்துக்கொள்ளும் என்று காத்திருப்பது முதல் வழி. 1956-இல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் பத்மநாபபுரம் அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறைதான் பராமரிக்கிறது. அது ராஜா இருந்த வீடு. கள் விற்ற வீட்டுக்கும் அதே கவனிப்பு வருமென்று இருந்தால், அதற்குள் உத்திரத்தைச் செதல் தின்றுவிடும்.

இரண்டாவது, பிரித்துக் கொண்டுபோவது. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் பழைய கேரள வீடுகளை இப்படித்தான் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். ஆணியில்லாமல் பொருத்திய மரவேலை என்றால் கழற்றி மாட்டலாம். சுவர் வராது. சாலையும் கூட வராது. வழிப்போக்கருக்காகக் கட்டிய திண்ணைக்குச் சாலை இல்லையென்றால் அது வெறும் மேடை.

என் ஓட்டு மூன்றாவதுக்கு: அங்கேயே மறுபடி கடை திறப்பது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை, ஆகவே கள்ளுக்கடையில் கள் மட்டும் கிடைக்காது! கருப்பட்டிக் காப்பி போடலாம், சீசனில் அக்கானி (பதநீர்) ஊற்றலாம். தினமும் பலகை திறந்து காற்றுப் போனாலே மரத்துக்குப் பாதி வைத்தியம். ஓடு உடைந்தால் அன்றைக்கே கண்ணில் படும். பூட்டிய வீட்டில் ஒரு மழைக்காலம் முழுக்க ஒழுகினாலும் யாருக்குத் தெரியும்?

ஆனால் கடைக்காரர் கையில் வீட்டை அப்படியே விட்டுவிடக் கூடாது. முதலில் நிரைப்பலகையை எடுத்துவிட்டு இரும்பு ஷட்டர் கேட்பார். அடுத்து சிமெண்ட். சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் ஒரு மழை என்று இரண்டையும் வாங்கும் ஊர் இது. சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பேதான் பூச வேண்டும். கக்கூஸ், பாத்திரம் கழுவும் இடம் எல்லாம் கொல்லைப்பக்கம் தனியாக இருக்கட்டும். இதையெல்லாம் வாடகைப் பத்திரத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

சாலையை அகலப்படுத்த அளவெடுத்து, திண்ணை போவது உறுதியானால் மட்டும் இரண்டாவது வழிக்குப் போகலாம். அப்போதும் ஒவ்வொரு மரத்துக்கும் எண் எழுதி, படம் எடுத்த பிறகே ஓட்டில் கை வைக்க வேண்டும்.