ஆட்டுக்குடலா, காகோ-2 செல்லா? மண்டபம் பக்கத்து ஆய்வகத்துக்கு எது தோது

மன்னார் வளைகுடாவின் சர்காசம் பாசியிலிருந்து ஆல்ஜினேட் என்ற கூழ்ப்பொருளை எடுத்து, அதில் மருந்தை உருண்டைகளாக அடைக்கிறோம். அந்த மருந்து குடல் சுவரைத் தாண்டுகிறதா என்று பார்க்க ஒரு மாதிரி வேண்டியிருந்தது. எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன: பாம்பா (PAMPA) என்ற செயற்கைச் சவ்வு, காகோ-2 செல் அடுக்கு, ஆட்டுக்குடல் பை. நான் தேர்ந்தெடுத்தது ஆட்டுக்குடல் பை.

பாம்பாவை முதலில் ஒதுக்கினேன். கொழுப்பு தோய்ந்த வடிதாள், இரு பக்கமும் கரைசல், அவ்வளவுதான். உயிருள்ள செல் கிடையாது, தானாக ஊடுருவும் மருந்தை மட்டுமே காட்டும். நூறு சேர்மங்களை அவசரமாகச் சலித்தெடுக்க அது போதும். அதில் என் பழக்கம் குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உண்மையான போட்டி காகோ-2தான். மனிதப் பெருங்குடல் புற்றிலிருந்து வந்த இந்தச் செல்கள் வடிதாள் மேல் ஒற்றை அடுக்காக வளர்ந்து, சிறுகுடல் செல் போலவே நுண்விரல்கள் விடும். ஆராய்ச்சி இதழ்களில் அதற்குத்தான் மதிப்பு. ஆனால் அடுக்கு முதிர சுமார் 21 நாள் ஆகும். அதுவரை 37 டிகிரி, 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு, ஒன்றுவிட்டு ஒரு நாள் ஊடகம் (செல்லுக்கு ஊட்டம் தரும் கரைசல்) மாற்றுவது என எதுவும் தவறக்கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் காற்றும் மழையும் சேர்ந்தால் இந்தக் கரையில் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஜெனரேட்டர், அதற்கு டீசல், ஞாயிற்றுக்கிழமையும் வந்து பார்க்க ஓர் ஆள், உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் இன்குபேட்டருக்குச் சர்வீஸ் என்று செலவு நீளும். பதினெட்டாம் நாள் பூஞ்சை ஏறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வாங்கும் விலையைவிட இந்தப் பராமரிப்புதான் என்னை முடிவெடுக்க வைத்தது.

குடல் பைக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. வில்சனும் வைஸ்மனும் 1954இல் எழுதிய முறை அது. கறிக்கடை பாயிடம் முதல் நாளே சொல்லிவைத்தால், ஆடு அறுத்த கையோடு நடுச்சிறுகுடலை எடுத்துத் தருவார். ஐஸில் வைத்த கிரெப்ஸ் கரைசலில் (திசுவை உயிரோடு வைக்கும் உப்புக் கரைசல்) போட்டுக் கொண்டுவந்து, கழுவி, கண்ணாடிக் குச்சியால் உள்வெளியாகத் திருப்பி, நூலால் கட்டி, ஆக்சிஜன் குமிழியிடும் மருந்துக் கரைசலில் தொங்கவிட்டு, பைக்குள் எவ்வளவு மருந்து ஏறியது என்று அளக்க வேண்டும். மதியத்துக்குள் வேலை முடிந்துவிடும். பரிசோதனைக்கென்று ஓர் உயிரைக் கொல்லவும் வேண்டாம்.

எங்கள் வேலைக்கு இன்னொரு லாபமும் உண்டு. ஆல்ஜினேட் சளிப்படலத்தில் ஒட்டும் பொருள். காகோ-2 அடுக்கில் சளி கிடையாது. சளி வேண்டுமென்றால் வேறு வகைச் செல்லையும் சேர்த்து வளர்க்க வேண்டும். ஆட்டுக்குடலில் அது இயல்பாகவே இருக்கிறது.

குறைகளும் உண்டு. திசு இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. மருந்து தசை அடுக்கையும் கடந்தாக வேண்டும் என்பதால் அளவு குறைத்தே தெரியும். பை கிழிந்திருந்தால் கணக்கே தப்பு. அதனால் ஒவ்வொரு பையிலும், நல்ல குடல் சுவரை எளிதில் தாண்டாத சாயமான ஃபீனால் சிவப்பு கசிகிறதா என்று பாருங்கள். ஆடு அசைபோடும் பிராணி. வளர்ந்த ஆட்டின் சிறுகுடலில் சர்க்கரையைக் கடத்தும் புரதம் மிகக் குறைவு. அந்தப் புரதத்தின் வழியாக ஏறும் மருந்துக்கு இந்தக் குடல் ஆகாது.

குடல் செல்லில் இருக்கும் மனித பி-கிளைகோபுரோட்டீன் என்ற புரதம் மருந்தை வெளியே தள்ளுகிறதா என்பதுதான் உங்கள் கேள்வி என்றால் காகோ-2தான் வழி. அப்போதும் இங்கே செல் வளர்க்க முயலாமல், செல் வளர்ப்பு ஓயாமல் நடக்கிற ஒரு பெரிய நகர ஆய்வகத்துக்கு மருந்தை அனுப்பி ஓட்டுவதே மலிவு.