உப்புத் தண்ணீர் வீட்டுக்கு ஏற்ற வாஷ் பேசின்

மதுரை ஆனையூரில் உள்ள எங்கள் வீட்டுக் குளியலறைக்கு வாஷ் பேசின் வாங்கியபோது, அழகைப் பார்ப்பதற்கு முன் எங்கள் போர் தண்ணீரை நினைத்துப் பார்த்தோம். சொட்டிக் காய்ந்த ஒவ்வொரு துளியும் கால்சியம், மக்னீசியம் உப்புகளை வெள்ளைப் படலமாக விட்டுவிடும் என்பதால், மாட்டுத்தாவணிப் பக்கத்துக் கடையில் மிகவும் கம்பீரமாகத் தெரிந்த கறுப்பு மேட் பேசினை வேண்டாமென்று சொல்லிவிட்டு, பளபளப்பான வெள்ளை செராமிக்கில், தாங்கும் தண்டு தரை வரை வராமல் பாதியில் நிற்கும் ஹாஃப் பெடஸ்டல் வகையைத் தேர்ந்தெடுத்தோம். முழு பெடஸ்டல் என்றால் அதன் அடியைத் துடைப்பதும், அடைப்பெடுக்க, பேசினுக்கு அடியில் கழிவுநீர் இறங்கும் கிண்ண வடிவ பாட்டில் டிராப்பைக் கழற்றுவதும் பெரும் தொல்லை.

மேடையின் மேல் கிண்ணம்போல் வைக்கும் டேபிள் டாப் பேசினை விரும்புகிறவர்கள் உயரத்தைக் கவனிக்க வேண்டும். தரையிலிருந்து பேசினின் விளிம்பு சுமார் 32 அங்குலத்தில் இருப்பதே பெரியவர்களுக்கு வசதி. ஏற்கெனவே 32 அங்குலத்தில் போட்ட கடப்பாக்கல் மேடையின் மேல் 5 அங்குலக் கிண்ணத்தை வைத்தால், உயரம் குறைந்தவர்கள் முகம் கழுவும்போது தண்ணீர் முழங்கை வழியாக வழிந்து இறங்கும். அவ்வகையில் பலவற்றுக்கு, நிரம்பிய தண்ணீர் வெளியே வழியாமல் வடிய வைக்கும் ஓவர்ஃப்ளோ துளையும் இருப்பதில்லை. பேசினின் வடிகால் வாயில் பொருத்தும் கப்ளிங்கை, ஓவர்ஃப்ளோ துளை உள்ள பேசினுக்கு ஹாஃப் திரெட் (பாதி மரை) வகையிலும், இல்லாததற்கு ஃபுல் திரெட் (முழு மரை) வகையிலும் வாங்க வேண்டும். மாற்றி வாங்கினால் ஒழுகும், அல்லது ஓவர்ஃப்ளோ வேலை செய்யாது.

கடைக்காரர் பொறுமையானவர். பெட்டியைப் பிரித்து, பேசினின் சுவரோடு ஒட்டும் பக்கத்தில் ஸ்கேல் வைத்து நேராக இருக்கிறதா என்று காட்டினார்; நாணயத்தால் தட்டி, விரிசல் இல்லாத கணீர் ஓசையையும் கேட்கச் செய்தார். ஆயினும் கப்ளிங், டிராப், பேசினைச் சுவரில் பிடிக்கும் ராக் போல்ட், குழாய்க்கு வரும் தண்ணீரைத் திறந்து மூடும் ஆங்கிள் காக் ஆகியவை தனி விலை என்பதை பில் போடும் நேரத்தில்தான் சொன்னார்கள். வீடு கட்டுகிறவருக்கு ஒவ்வொரு நூறு ரூபாயும் கணக்குதான். விலை சொல்லும்போதே அதையும் சேர்த்துச் சொல்வதுதான் முறை.

பயன்பாட்டில் எந்தக் குறையும் இல்லை. படிந்த உப்பை எலுமிச்சைச் சாறு தடவி, சற்று ஊறவிட்டுத் தேய்த்தால் நீக்கிவிடலாம். ஆசிட் ஊற்றினால் கப்ளிங்கின் குரோம் பூச்சு கெட்டுவிடும். பொருத்தும் நாளில், பிளம்பர் விளிம்புக்கு சிலிக்கான் பசை வைப்பதற்கு முன்பே பேசின் நிறையத் தண்ணீர் பிடித்து ஒரே மூச்சில் திறந்துவிடச் சொல்லி, டிராப்பின் மரைகளைக் காய்ந்த காகிதத்தால் ஒற்றிப் பார்த்துவிடுங்கள்.