கமோடு உயர்த்தியும் வாக்கரும்: இடுப்பு மூட்டு மறு அறுவைக்குப் பிறகு எதை வாங்கலாம்?

செயற்கை இடுப்பு மூட்டில் தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டோ, அதன் தலையில் இருக்கும் பீங்கான் பந்தோ உடைந்து, அதை எடுத்துவிட்டுப் புதியது பொருத்தியவர் வீட்டுக்கு முதலில் வர வேண்டிய சாமான், உட்காரும் உயரத்தைக் கூட்டும் கமோடு உயர்த்தி. மறு அறுவையில் அதே தசைகள் மீண்டும் வெட்டுப்படுவதால், முதல் அறுவையைவிட மூட்டு நழுவும் வாய்ப்பு அதிகம். அறுவையில் மூட்டைப் பின்பக்கமாகத் திறந்திருந்தால் இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்குவதும், காலை உட்பக்கம் திருப்புவதும், கால் மேல் கால் போடுவதும் ஆகாது. தாழ்ந்த கமோடில் உட்கார்ந்து எழும்போது அந்த 90 டிகிரி சுலபமாகத் தாண்டிவிடும்.

உயர்த்திகள் பெரும்பாலும் 5, 10, 15 செ.மீ. அளவுகளில் வருகின்றன. வாங்குமுன் நிற்க வைத்து, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்துகொள்ளுங்கள். உட்காரும் உயரம் அதைவிட சுமார் 5 செ.மீ. கூடுதலாக இருந்தால் சரி. அதற்கும் மேலே போனால் பாதம் தரையில் பதியாது, எழும்போது தடுமாறும்.

கிளாம்ப் இல்லாமல் சும்மா மேலே உட்கார வைக்கும் வகை வேண்டவே வேண்டாம். கழுவுவதற்கு ஒரு பக்கம் சாய்ந்ததுமே நகர்ந்துவிடும். திருகிப் பொருத்தும் கிளாம்ப் வகை பரவாயில்லை. ஆனால் பழைய சீட்டைத் தூக்கிவிட்டு, கமோடின் விளிம்பிலேயே நேரடியாகப் பொருத்த வேண்டும். நாளடைவில் திருகு தளரும், வாரம் ஒருமுறை இறுக்குங்கள். கைப்பிடி வைத்ததில் ஒரு கையால் மட்டும் ஊன்றி எழுந்தால் முழு விசையும் ஒரு பக்கக் கிளாம்பில் இறங்கி, சீட் சாயும்.

எங்கள் தேர்வு, கமோடின் மேல் நிற்கும், நான்கு கால் கொண்ட தனி சீட் ஃப்ரேம். எடை கமோடில் இறங்காமல் தரைக்குப் போகிறது. இடம் அதிகம் பிடிக்கும் என்பதுதான் குறை. உயரம் மாற்றும் துளைகளில் நான்கு கால்களும் ஒரே எண்ணில் நிற்கின்றனவா, அடி ரப்பர் தேயவில்லையா, தாங்கும் எடை எவ்வளவு என்று பாருங்கள்.

வாக்கரில் கைப்பிடி, கை தொங்கும்போது மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் இருக்க வேண்டும். முழங்கை லேசாக மடங்கும். உடைந்த தண்டை எடுக்கத் தொடை எலும்பைப் பிளந்திருந்தால், 6 வாரமோ அதற்கு மேலோ உடல் எடையில் ஒரு பகுதியைத்தான் அந்தக் காலில் ஊன்றச் சொல்வார்கள். ஒரு பகுதி என்றால் எவ்வளவு என்று காலுக்குத் தெரியாது. மருத்துவர் சொன்ன அளவை, எடை பார்க்கும் இயந்திரத்தில் அந்தக் காலை மட்டும் வைத்து அழுத்திப் பழக்குங்கள். இந்த நிலையில் நான்கு சக்கர வாக்கர் முன்னால் ஓடிவிடும். சக்கரமே இல்லாததுதான் நல்லது.

கால்களுக்கு இடையே வைக்கும் தனித் தலையணைக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை, தடித்த சாதாரணத் தலையணையே போதும். நீளக் கைப்பிடி ஷூ கொம்பும் குனியாமல் பொருள் எடுக்கும் இடுக்கியும் மலிவு, இரண்டையும் வாங்கிவிடுங்கள்.

பீங்கான் பந்து உடைந்தவர்கள், புதிய பந்து எதனால் ஆனது என்று டிஸ்சார்ஜ் தாளில் பார்த்துவைப்பது முக்கியம். உள்ளே தங்கிய பீங்கான் துகள் உலோகப் பந்தை உப்புத்தாள்போல் தேய்க்கும். அந்த உலோகத்தில் உள்ள கோபால்ட் ரத்தத்தில் கலக்கும். உலோகம் என்றிருந்தால், அடுத்த எக்ஸ்ரேக்குப் போகும்போது ரத்தத்தில் கோபால்ட், குரோமியம் அளவு பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். யாருக்காக இருந்தாலும், திடீர் வலியோடு கால் குட்டையாகி, ஒரு பக்கம் திரும்பியிருந்தால் மூட்டு நழுவியிருக்கலாம்; வாக்கரைத் தொடாமல் படுத்தபடியே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும்.