ஒரே மண்டபத்தில் வைத்தியரும் கிராம அலுவலரும்: ஒருங்கிணைந்த சேவை நாள் பற்றிய மதிப்பீடு

முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்றில், பொதுநோக்கு மண்டபத்தில் மாதந்தோறும் நடைபெறும் ஒருங்கிணைந்த சேவையைப் பயன்படுத்துபவன் என்ற வகையில் இதனை எழுதுகிறேன். வைத்தியர், குடும்பநல உத்தியோகத்தர், கிராம அலுவலர், சமூக சேவை உத்தியோகத்தர், உளவளத்துணையாளர் ஆகியோரை ஒரே நாளில் சந்திக்க முடிகிறது. வைத்தியசாலைக்கு ஒரு நாள், பிரதேச செயலகத்துக்கு மறுநாள் என்று பேருந்துக்குக் காத்திருந்து கூலியை இழப்பவர்களுக்கு இதன் பெறுமதி நன்கு விளங்கும்.

பரிசோதனைப் பகுதி மிகவும் திருப்திகரமானது. 2011 முதல் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் செய்துவரும் இரத்த அழுத்த, சீனிப் பரிசோதனைகளே இங்கும் செய்யப்படுகின்றன. ஆனால் வருத்தம் முற்றும்வரை வைத்தியசாலைப் பக்கம் போகாத ஆண்கள், அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு விடயமாகக் கிராம அலுவலரிடம் வந்த இடத்தில் கையையும் நீட்டிவிட்டுப் போகிறார்கள். இரண்டு மேசைகளையும் அருகருகே போட்டவர் எவரோ, ஊராரை நன்கு அறிந்தவர்.

கொடுப்பனவு விண்ணப்பங்களில்தான் சேவை தடுமாறுகிறது. 2009இல் முடிந்த போரில் அவயவம் இழந்தவர்களும் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களும் வன்னியில் பலர்; வவுனியாப் பக்கத்தில் காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோயும் உண்டு. வைத்தியரின் சான்றும் கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலும் சேர்ந்தால்தான் இவர்களுடைய விண்ணப்பம் நகரும். மேசைகள் நெருங்கியிருந்தும் கோப்புகள் வெவ்வேறாக இருப்பதால், நோயாளி தன் கதையை ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. எந்த வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார் என்பதை அறிந்த குடும்பநல உத்தியோகத்தர் குறுக்கிட்டு விளக்கும்போது மட்டும் வேலை விரைவாக முடிகிறது; தாய்சேய் நலப் பணியே தலைக்குமேல் இருக்கையில் இதையும் அவர்மீது சுமத்துவது நியாயமன்று. வைத்தியரின் மேசையிலிருந்து சமூக சேவை மேசைக்கு நேரே செல்லும் ஒரு பரிந்துரைத் துண்டு இருந்தாலே பாதிச் சிரமம் தீரும்.

உளவளத்துணையாளரை மண்டபத்தின் மூலையில் மறைப்பேதுமின்றி அமர்த்தியிருப்பது பெருங்குறை. காணாமலாக்கப்பட்ட பிள்ளையைப் பற்றியோ கணவரின் குடியைப் பற்றியோ, பின்வரிசையில் அயலவர் இருக்கையில் எந்தப் பெண்ணும் வாய் திறக்கமாட்டார். பக்கத்து முன்பள்ளிக் கட்டடம் பிற்பகலில் வெறுமையாகவே கிடக்கிறது.

செல்பவர்கள் அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, பழைய மருந்துத் துண்டு ஆகியவற்றைக் கொண்டுசெல்வது நல்லது. மருந்து வழங்கல் நண்பகலுக்கு முன்பே முடிந்துவிடுகிறது. முன்வாசலில் படிகள் மட்டுமே இருப்பதால், சக்கர நாற்காலியில் வருபவர்களைப் பின்வாசல் வழியாக அழைத்துச் செல்லவும்.