லடோனியாக் குடியுரிமை: ஒரு மதிப்பீடு

மைக்ரோநேஷன் எனப்படும், தனிநபர்கள் தாமே அறிவித்துக்கொண்ட, எந்த அரசும் அங்கீகரிக்காத குறுநாடுகள் பலவற்றில் பட்டமும் சான்றிதழும் விலைக்குத்தான் கிடைக்கின்றன. சுவீடனின் தென்பகுதியிலுள்ள லடோனியாவில் பிரபுப் பட்டத்திற்குக் கட்டணம் உண்டு. குடிமகனாவதற்கோ ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை. இணையத்தில் படிவத்தை நிரப்ப எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

இந்த நாடு பிறந்த கதை ஒரு கட்டட வழக்கு. ஓவியரும் சிற்பியுமான லார்ஸ் வில்க்ஸ் 1980இல் குல்லாபெரி இயற்கைக் காப்பகத்தின் கடற்கரையில், அலை ஒதுக்கிய மரத்துண்டுகளை ஆணியடித்துச் சேர்த்து 'நிமிஸ்' என்ற சிற்பத்தை எழுப்பத் தொடங்கினார். இரண்டு ஆண்டுகள் கழித்தே அதைக் கண்ட அதிகாரிகள், அது அனுமதியின்றிக் கட்டிய கட்டடம் என்று கூறி அகற்ற உத்தரவிட்டனர். நீண்ட வழக்குகளுக்குப் பின், 1996இல், சிற்பங்கள் நிற்கும் ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தையே அவர் தனி நாடாக அறிவித்துவிட்டார். வரி உண்டு, ஆனால் பணமாக ஏற்பதில்லை. குடிமக்கள் தம் படைப்பாற்றலில் ஒரு பங்கைத் தர வேண்டும். கொடியோ, சுவீடனின் நீல மஞ்சள் கொடியை வேகவைத்தால் வரும் பச்சை நிறமாம்!

இவ்வளவு கேலி உள்ள இடத்தில் ஒரு விஷயத்தை மட்டும் கேலியாகப் பார்க்க முடியவில்லை. 2002இல் பாகிஸ்தானிலிருந்து ஆயிரக்கணக்கானோர், அங்கே குடியேறி வாழலாம் என்று உண்மையாகவே நம்பி விண்ணப்பித்தனர். இக்குடியுரிமை வதிவிட உரிமையோ, வேலையோ, விசாவோ தராது. குடிமக்கள் அனைவருமே அந்த மண்ணுக்கு வெளியேதான் வசிக்கின்றனர். கடவுச்சீட்டின் தேவை யாருக்கு அதிகமோ அவர்களுக்கு இந்த நகைச்சுவை புரிய வாய்ப்பில்லை என்பதை, நாட்டை உருவாக்கியவர்கள் முன்பே எண்ணியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

நேரில் போவதற்குக் குடியுரிமை தேவையில்லை, வாயிற்காவலும் இல்லை. ஹிம்மெல்ஸ்டார்ப் பண்ணையிலிருந்து, மரங்களில் மஞ்சள் நிறத்தில் தீட்டப்பட்ட 'N' எழுத்தைத் தொடர்ந்து சென்றால் நிமிஸை அடையலாம். கடைசி இறக்கம் செங்குத்தானது. நிமிஸின் கோபுரத்துக்குள் ஏறும்போது கைவைக்கும் இடத்தில் ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துப் பிடிக்க வேண்டும். மரம் ஈரமாக இருந்தால் ஏறாமல் கீழே நின்று பார்ப்பதே நல்லது.